போ என்று முடியும் பெயர்

சொல்லுக்குப் பதினெட்டுக் காசு.
நாலு மொழிப் பலகையில் நாலாவது வரி என்னுடையது.
வேலை வந்தது வெள்ளி மாலை,
திங்கள் காலை ஒன்பதுக்குள் வேண்டுமாம்.

தெலுக் பிளாங்கா சரிவில்
கூட்டுரிமை வீட்டு வேலிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே
இடுப்புயரக் கருங்கல் ஒன்று.
கஸ்பார் தியேபோ, பிரெஞ்சுக்காரர்.
கப்பலுக்காக இங்கே நாற்பத்தொரு நாள் காத்திருந்து
வடக்கே ஓர் ஆற்றின் தலையைத் தேடிப் போனவர்.
தலை கிடைக்கவில்லை. காய்ச்சல் கிடைத்தது.
கல்லை நட்டவர்கள் அவருக்குக் கடன் கொடுத்த நண்பர்கள்.

அவர்கள் மொழியில் எட்டு எழுத்து அந்தப் பெயர்,
பாதி ஒலிப்பதில்லை.
வரிசையில் நின்றும் வாய் திறவாத எழுத்துகள்.
நமக்கு அந்த வசதி இல்லை, எழுதினால் சொல்லியாக வேண்டும்.
மூன்றில் அடக்கினேன்.
அடக்கிய பிறகுதான் பார்த்தேன்,
கடைசியில் ஒரு போ நிற்கிறது.

அடுத்து அவர் தொழில்.
கண்டுபிடித்தவர் என்று எழுதி அழித்தேன்.
ஆற்றங்கரையில் குடியிருந்தவர்கள்
அதுவரை தொலைந்தா கிடந்தார்கள்?
ஆய்வுப் பயணி என்றால், யார் கேட்டு ஆய்ந்தார்?
வழி கேட்டுப் போனவர் என்பது உண்மைக்குக் கிட்டத்தில் வந்தது.
வழி சொன்னது யார் என்று அடுத்த கேள்வி வரும்,
அதற்குப் பலகையில் இடமில்லை.
நாடுகாண் பயணி என்று அனுப்பிவைத்தேன்,
பள்ளிப் பாடநூல் வாசத்தோடு.

திருமதி குவேக்கிடமிருந்து பதில்:
தமிழ் நீளம். இரண்டு சென்டிமீட்டர் குறைக்கவும்.
அவரைச் சொல்லிக் குற்றமில்லை,
தகடு ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது.

உதவியாக இருக்கட்டுமென்று
பயணத்தின் செலவுக் கணக்கையும் இணைத்திருந்தார்.
பிஸ்கோத்து ஆறு தகரம். கொயினா.
வெப்பமானி மூன்று.
வெப்பமானி ஒன்று, உடைந்ததற்கு மாற்றாக.
சுமைக்குக் கிளிங்குகள், ஏழு.

உடைந்த வெப்பமானிக்குத் தனி வரி.

ஏதாவதோர் ஆற்றுத் திருப்பத்தில்
அட்டை கடித்த காலோடு மூட்டையை இறக்கிவைத்து
ஏழு பேரில் ஒருவனாவது சொல்லியிருப்பான்,
நீயே போ, தியேபோ.
கணக்கில் அது இல்லை.
நானாக நினைத்துக்கொள்கிறேன்,
நினைப்பதற்குக் கூலி கிடையாது.

அவர் பெயரில் ஒரு குறுஞ்சாலையும் உண்டு.
கட்டுமானத் தம்பிகள் அதைத் தீபா ரோடு என்கிறார்கள்.
யார் அந்தத் தீபா என்று ஒருவரும் கேட்டதில்லை.
வேலிக்கு அப்பால் இருபத்துநாலு மாடிக்கும் அவர் பெயர்தான்,
குளியலறைக் குழாயைத் திருகினால்
ஆற்றின் தலை.

பதினோரு நாள் கழித்துப் போனேன்.
நாலு தகடு. மூன்று நேராக.
தமிழ் மட்டும் தலைகீழ்.

புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு
கலியமூர்த்தி வந்தார், திருவாரூர்ப் பக்கம்.
மாட்டுன அன்னிக்கே சொன்னேங்க்கா,
யார் படிக்கப் போறான்னு கேட்டாரு சூப்பர்வைசர்.
நீங்க படிச்சீங்களா?
குனிஞ்சுதான் படிச்சேன்.
தீபா இல்லை போலிருக்கே, ஆம்பளையா?

அவர் குனிந்த மாதிரி நானும் குனிந்தேன்.
நாடுகாண் போய்விட்டது அந்த இரண்டு சென்டிமீட்டரில்.
பயணி மட்டும் மிச்சம்.
தியேபோ, பயணி. இங்கே 41 நாள் காத்திருந்தார்.
பத்தடி தள்ளி நிறுத்தத்தில் பால் மாவு டின்னோடு ஒருத்தி,
சீருடைப் பையன்கள் இருவர்,
எல்லாரும் அதே சொல்தான், 145க்காக.

திருமதி குவேக்குக்கு இன்னும் எழுதவில்லை.
படம் எடுத்தேன்.
கைப்பேசியைத் திருப்பிப் பிடித்தால்
என் வரி நேராக நிற்கிறது.
கல் தொங்குகிறது, புல் மேலே,
இருபத்துநாலு மாடியும் வானத்துக்குள் இறங்க,
ஓரத்தில் சக்கரங்களை மேலே காட்டியபடி
வந்துகொண்டிருக்கிறது பேருந்து.